டிஸ்க் தெரியவில்லையா? பதற வேண்டாம்

மட்டாஞ்சேரி கடைத்தெருவின் மிளகுக் கணக்கு முதல் பிள்ளைகளின் பாடம் வரை இன்று எல்லாம் கம்ப்யூட்டரில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்ததால் பலரும் விண்டோஸ் 11-ஐ ஏற்றி வருகிறோம். அப்போது சில லேப்டாப்புகளில் டிஸ்க்கே இல்லை என்று திரை சொல்லும். "எஸ்.எஸ்.டி. போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று சொல்வோரும் உண்டு. அவசரப்பட்டுப் பணத்தை எடுக்காதீர்கள்.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் வி.எம்.டி. என்ற அமைப்பின் வழியாகவே எஸ்.எஸ்.டி. இயங்குகிறது. அதற்குரிய டிரைவர் விண்டோஸ் ஏற்றும் பென்டிரைவில் பெரும்பாலும் இருப்பதில்லை. லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' என்பதை அழுத்துங்கள், டிஸ்க் தெரியும். தெரிந்ததும் பழைய பகுதிகளை அழித்துவிடாதீர்கள்; உள்ளதெல்லாம் போய்விடும்.

ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரில், முன்னேற்பாடின்றி பயாஸில் வி.எம்.டி.யை அணைத்தால் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கலாம். அதை முன்பே எழுதி வையுங்கள்.

மற்றபடி, நன்றாக ஓடும் எஸ்.எஸ்.டி.க்கு விண்டோஸுடன் வரும் டிரைவரே வீட்டு உபயோகத்துக்குப் போதும். எல்லா டிரைவர்களையும் புதுப்பிப்பதாகச் சொல்லிக் காசு கேட்கும் மென்பொருள்கள் வேண்டாம் என்பதே என் கருத்து. எதில் கைவைக்கும் முன்பும் கணக்குகளையும் குடும்பப் படங்களையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். டிஸ்க்கைக் கடையில் வாங்கலாம். ஊரில் எடுத்த தாத்தா பாட்டி படத்தை எங்கே வாங்குவது?