முழங்காலுக்கு முதல் மருந்து ஏட்டில் இருக்கிறது!



பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கத்தி ஒரு கருவி, வாளி ஒரு கருவி. இவ்விரண்டும் தேய்ந்தால் ஸ்டோரில் வேறு கிடைக்கும். மூன்றாவது கருவி ஒன்று உண்டு. அது எந்த ஸ்டோரிலும் இல்லை. அதுதான் முழங்கால்! மேட்டில் ஏறுவதும் அதுதான், தாழ்வெட்டு மரத்தடியில் குந்துவதும் அதுதான், நிறைவாளியோடு ஈரச் சருகில் இறங்குவதும் அதுதான். அந்தக் கருவி முறிந்தால் நம்மில் எத்தனை பேருக்கு என்ன செய்வதென்று தெரியும்? யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியும்?

சுங்கை காடுட் வட்டாரத்தில் ரப்பர் மரம் நின்ற நிலத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. மரம் குறைந்தது, முழங்கால் வலி குறையவில்லை. நிரையில் நிற்பவருக்கும் அந்த வலி உண்டு. தோட்டத்தை விட்டு ஆலைக்குப் போய் எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்பவருக்கும் உண்டு. ஆகவே இது ஒருவர் கதையன்று.

ஆனாலும் ஒருவர் கதையைச் சொல்லியே தொடங்குகிறோம். ஏனெனில் அதில் குற்றவாளி நாமே.

இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில் நாற்பது வயதைக் கடந்த ஒரு பால்வெட்டு அம்மா, மழைக்கு மறுநாள் காலை, சரிவில் வாளியோடு வழுக்கினார். கால் ஊன்றியபடி நிற்க, உடல் மட்டும் திரும்பியது. முழங்காலில் ‘பொடுக்’ என்று ஒரு சத்தம். அப்படியே நொண்டிக்கொண்டு பால் ஸ்டோருக்கு வந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு போனார். மறுநாள் பெரட்டுக்கு வரவில்லை. செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று விழுந்தது. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. ‘விபத்து’ என்ற சொல் எங்கும் விழவில்லை.

ஐந்தாம் வாரம் அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். “கிராணி ஐயா, அன்னிக்கு நான் நொண்டிக்கிட்டு வந்ததை நீங்கதானே பாத்தீங்க?” என்று கேட்டார். “ஆமாம் அக்கா, பார்த்தேன்” என்றோம். வேறென்ன சொல்வது? பார்த்த கண்ணும் நம்முடையது, ‘வரவில்லை’ என்று எழுதிய கையும் நம்முடையது.

அந்த ஐந்து வாரத்தில் அந்த முழங்காலுக்கு வந்த ஆலோசனைகளைக் கேளுங்கள். முதல் நாளே ஒருவர் சூடாக எண்ணெய் ஊற்றி உருவிவிட்டார், வீக்கம் இரட்டிப்பாயிற்று. இன்னொருவர் பெயரில்லாத மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் வலி பறந்தது, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் மூட்டுக்குள் ஊசி போடலாம் என்றார்கள். பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, துளைபோட்டு வெட்டி எடுக்கலாம் என்று பல ஆயிரம் வெள்ளிக்குக் கணக்குக் கொடுத்தார்கள். நகையை அடகு வைப்பதா, மகளின் படிப்புப் பணத்தை எடுப்பதா என்று குடும்பம் இரவெல்லாம் பேசியது.

இத்தனை பேரும் பேசினார்கள். பேச வேண்டியவர் ஒருவர்தான் பேசவில்லை. ‘உனக்கு எத்தனை நாள் ஓய்வு வேண்டும், அதற்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?’ என்று யாரும் கேட்கவில்லை. தோழர்களே, முழங்கால் சிகிச்சையின் முழு ரகசியமும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது!

உலகத்து வைத்தியர்கள் கண்டதைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு வைத்தியர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். நாள்பட்ட தேய்மானத்தால் முழங்கால் சவ்வு கிழிந்த 146 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு உண்மையாகவே வெட்டி எடுத்தார்கள். மறுபாதியினருக்கு வெட்டியதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு சாராருக்கும் குணம் ஒன்றே! 2010ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில், மூட்டு நார் அறுந்த 121 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை, மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னர் அறுவை என்று வைத்தார்கள். இரண்டு ஆண்டில் பலன் ஏறக்குறைய சமம். பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவரை கத்தியே தேவைப்படவில்லை. ஊசியும் அப்படித்தான். தேய்ந்த மூட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது என்று 2017இல் அமெரிக்காவில் கண்டார்கள்.

அதனால் கத்தியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காலை நீட்டவே முடியாமல் மூட்டு பூட்டிக்கொண்டாலும், நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும், விழுந்த ஓரிரு மணிக்குள் பெரிதாக வீங்கினாலும், நடக்கையில் கால் அடிக்கடி மடங்கிப் போனாலும், மூட்டு சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தாலும் வீட்டில் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முற்றிலும் தேய்ந்த மூட்டுக்கு மாற்று மூட்டும் உண்டு. இந்தியப் பிரதமர் வாஜ்பாய்க்கு 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இடது முழங்காலையும், 2001ஆம் ஆண்டு ஜூனில் வலது முழங்காலையும் பம்பாயில் மாற்றினார்கள். நியூயார்க்கிலிருந்து வைத்தியர் வந்தார். பிரதமரின் நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. நம் பால்வாளி யாருக்காகக் காத்திருக்கும்?

சிரம்பான் அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவைப் பார்த்த எலும்பு வைத்தியர், “இப்போதைக்கு அறுவை வேண்டாம். மூன்று மாதம் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள், குந்தாதீர்கள், பாரம் தூக்காதீர்கள்” என்றார். குடிமகனுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அடகுக் கடைக்குப் போகவிருந்த நகை வீட்டிலேயே இருந்தது. நல்ல செய்திதானே? ஆனால் அம்மா வெளியே வந்து அழுதார். கத்திக்குப் பணம் வேண்டும், பயிற்சிக்கு நாள் வேண்டும். பணத்தையாவது கடன் வாங்கலாம். நாளை யார் கடன் கொடுப்பார்கள்?

இங்கேதான் ஏடு வருகிறது! வேலையிலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ நடந்த விபத்துக்குச் சொக்சோ இருக்கிறது. வைத்தியர் கொடுத்த விடுப்பு விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், அந்த நாட்களுக்குக் கணக்கிட்ட தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். சிகிச்சையும் உண்டு, உடற்பயிற்சி மறுவாழ்வும் உண்டு. அதற்கென்றே மலாக்காவில் 2014 முதல் ஒரு மறுவாழ்வு நிலையம் இயங்குகிறது. விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. முதலாளிக்குச் சொல்வது நம் கடமை. நடுவில் எழுதி வைப்பது யார் கடமை? கிராணியின் கடமை! அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் மூன்று மாதம் அந்த அம்மாவுக்குச் சொந்தமாகியிருக்கும். எழுதப்படாததால், ஐந்து வாரம் கழித்து மனுப் போட்டு, விழுந்ததைப் பார்த்த சாட்சிக்காக லயம் லயமாக அலைந்தோம். மனு போயிருக்கிறது, பதில் வர வேண்டும்.

‘எல்லா வலியையும் எழுதினால் தோட்டமே ஆஸ்பத்திரியாகிவிடும், சோம்பேறிகள் பொய் சொல்வார்கள்’ என்று நிர்வாகத்தார் சொல்கிறார்கள். பொய் வலியைக் கண்டுபிடிக்க வைத்தியர் இருக்கிறார், மருத்துவக் குழு இருக்கிறது. அந்த வேலையைப் பேனா பிடித்தவனுக்குக் கொடுத்தவர் யார்? மெய்யான வலி மறைந்துபோவதற்குத்தான் நம் பேனா பயன்படுகிறது என்றால், அந்தப் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

கிராணித் தோழர்களே, உங்களுக்கும் சொல்கிறோம். செக்ரோல் இன்று கணினிக்குள் போய்விட்டாலும் அதை நிரப்புகிற விரல் நம்முடையது. ‘மேனேஜர் கேட்கவில்லை, நாம் ஏன் எழுத வேண்டும்?’ என்று இருப்பது விசுவாசம் அன்று, கோழைத்தனம்.

இந்தச் சட்டங்கள் யாரும் இரங்கிப் போட்ட பிச்சையல்ல. 1952இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. 1969இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019 ஜனவரி முதல் நம் பக்கத்து நிரையில் வெட்டுகிற வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பலருக்கு இது தெரியாது, அவர்களுக்கும் சொல்லுங்கள்.

நாம் கேட்பது அதிகமல்ல. ஒவ்வொரு டிவிஷனிலும் விபத்து ஏடு ஒன்று இருக்க வேண்டும், எழுதியதன் நகல் விழுந்தவர் கையில் அன்றே கிடைக்க வேண்டும். வைத்தியர் ‘இலகு வேலை’ என்று எழுதினால் இலகு வேலையே தரப்பட வேண்டும். பயிற்சி நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி வேண்டும். கிளைத் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இவற்றை மேசைமேல் வைக்கட்டும்.

அதுவரை, தோழர்களே, விழுந்த அன்றே சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சூடு வேண்டாம், உருவல் வேண்டாம். ஐஸ் வையுங்கள், கட்டுப் போடுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். பெயரில்லாத மாத்திரையைத் தொடாதீர்கள். அத்தகையவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ‘அறுவை செய்யாவிட்டால் என்னாகும், பயிற்சி செய்தால் என்னாகும்?’ என்று வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டபின் முடிவு உங்களுடையது. மேனேஜருடையதும் அன்று, பக்கத்து வீட்டுக்காரருடையதும் அன்று.

அந்த அம்மா இப்போது தினமும் மாலையில் லயத்துத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, தொடையை இறுக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்துவரை எண்ணுகிறார். அந்த எண்ணிக்கை ஆபீஸ்வரை கேட்கிறது. இப்போது யார் நொண்டிக்கொண்டு வந்தாலும் நாம் முதலில் எடுப்பது விபத்து ஏட்டைத்தான்.

மற்றத் தோட்டத்துக் கிராணிமாரே, உங்கள் ஏடு எங்கே?