ஒரு முழம் மல் துணி

காவலூர் வானாராய்ச்சி நிலையத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்று மாணவர்கள் பிடிவாதம் செய்ததன்பேரில், சென்ற தை மாதம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். 1986-ல் அங்கே நிறுவப்பெற்ற பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர். ஆனால் பகலில் நட்சத்திரம் ஏது? ஆகவே ஜமுனாமரத்தூர் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டோம்.

எங்கள் கருவி பழைய மல் வேஷ்டியின் துண்டு. அதைப் புனல்போல் தைத்து, வாய்க்குக் கம்பி வளையமும் அடியில் ஒரு மருந்துப் புட்டியும் கட்டியிருந்தேன். பாசியோரமாக இதை மெள்ள இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் சேறுதான் வரும். (முதல் நான்கு முறையும் சேறே வந்தது.) ஐந்தாம் முறை புட்டியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. பூதக்கண்ணாடியில் பார்த்தால், நீர்த்தெள்ளுப் பூச்சியின் இருதயம் அடிப்பதுகூடத் தெரிந்தது! அதன் பக்கத்தில் ஸைக்ளாப்ஸ்: நெற்றியில் ஒற்றைக் கண், வாலின் இருபுறமும் இரண்டு முட்டைப் பைகள்.

"இதையா ஸார் நாம் குடிக்கிறோம்?" என்றான் ஒரு பையன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அவன் தாயார் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பிள்ளை வீட்டில் ஜலத்தைத் தொடமாட்டேன் என்கிறானாம். "என்னத்தைக் காட்டினீர்கள் ஸார்?" என்று கேட்டார். நியாயமான கோபந்தான். பாதிக் கதையோடு பையனை அனுப்பிவிட்டது என் பிழை.

மீதிக் கதை இது. நரம்புச் சிலந்தி என்னும் வியாதியைப் பரப்பியது இந்த ஸைக்ளாப்ஸ்தான். நோயாளி குளத்தில் கால் வைத்தால், புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் ஜலத்தில் இறங்கும். ஸைக்ளாப்ஸ் அவற்றை விழுங்கும். ஸைக்ளாப்ஸை நாம் விழுங்குவோம். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, இரண்டு முழ நீளப் புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இருந்தும் 1996-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் அது வரவில்லை. 2000-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதற்கு அத்தாட்சி அளித்தது. படிக்கிணறுகளை மாற்றியும், ஆழ்குழாய்க் கிணறு தோண்டியும், குடத்தின் வாயில் துணி கட்டி ஜலத்தை வடிகட்டியுமே அதை ஒழித்தார்கள். ஏரியில் நாங்கள் இழுத்ததும் அதே போன்ற துணிதான். (மற்றக் கிருமிகள் துணிக்கு அடங்கா, அவற்றுக்குக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும்.)

இதைக் கேட்டதும் அந்த அம்மாள், "எங்கள் மாமியார் துணி கட்டாமல் ஜலம் மொள்ளவே விடமாட்டார், நாங்கள்தான் சிரிப்போம்" என்றார்.

மறுநாள் பையன் ஒரு துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். பாட்டி வடிகட்டிய துணியாம். அதில் என்ன ஒட்டியிருக்கிறதென்று பார்க்கவேண்டுமாம்.