வயிற்றிலே கல் – வரிசையிலே வாழ்வு!

நள்ளிரவு. மான்செஸ்டர் நகரில் ஒரு பஸ் டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் வேலை முடிந்து, பசிக்கு எண்ணெயில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தவர், வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிடிப்பதுபோல் வலி கண்டு எழுகிறார். வலி முதுகுக்கு ஏறுகிறது. வலது தோளுக்குத் தாவுகிறது. உட்கார்ந்தாலும் இல்லை, புரண்டாலும் இல்லை, நடந்தாலும் இல்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. விடியும்போது வலி தானாக வடிகிறது. விடிந்ததும் அவர் எங்கே போவார்? ஆஸ்பத்திரிக்கா? இல்லை, டிப்போவுக்கு! ஏனென்றால் ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே போயாயிற்று. படம் எடுத்தார்கள். பித்தப்பையில் கல் என்றார்கள். எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். எப்போது என்றுதான் சொல்லவில்லை.

"மருத்துவம் அனைவருக்கும் இலவசம்" என்று உலகுக்கே வழிகாட்டிய நாட்டிலா இது என்று கேட்கத் தோன்றும். ஆம் தோழர்களே, அதே நாட்டில்தான். ஆகவேதான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த நோயைப் பார்ப்போம். நம்மிலே பலர் இதை வாயு என்றும் அஜீரணம் என்றும் எண்ணி, சோடா குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதைச் சேர்த்து வைக்கும் சிறு பையே பித்தப்பை. கொழுப்பான உணவு குடலுக்கு வந்ததும் பை சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சும். அந்த நீரில் கொழுப்பு மிகுந்து உறைந்தால் கல்லாகிறது. கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. அவர்களுக்குச் சிகிச்சையும் தேவையில்லை. ஆனால் கல் வந்து பையின் வாயை அடைத்துக்கொண்டால், பை சுருங்கச் சுருங்க வலி. மூடிய கதவை உள்ளிருந்து முட்டுவதுபோல! அடைப்பு நீடித்தால் பை வீங்கிச் சீழ் பிடிக்கும். கல் நழுவிப் பொதுக்குழாயில் இறங்கினால் மஞ்சள் காமாலை. கணையத்தின் வாயில் போய்க் குறுக்கே நின்றால் கணைய அழற்சி; அது உயிரையே கேட்கும்.

இதற்கு மருந்து கண்டுபிடிக்கவில்லையா? கண்டுபிடித்து நூற்றாண்டு தாண்டிவிட்டது! 1882இல் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர், பதினாறு ஆண்டுகள் இந்த வலியால் துடித்த 43 வயது மனிதர் ஒருவரின் பித்தப்பையையே எடுத்துவிட்டார். பை போனாலும் மனிதன் வாழ்வான். பித்தநீர் நேராகக் குடலுக்குச் சொட்டும் என்று அன்றே மெய்ப்பித்தார். 1985இல் அதே ஜெர்மனியில் எரிக் முயே என்பவர், வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டு, குழாய் நுழைத்துப் பையை எடுத்தார். முதலில் சக மருத்துவர்கள் அவரை ஏளனம் செய்தார்கள். பிறகு உலகமே அவர் வழிக்கு வந்தது. இன்று இந்த அறுவை மணிக்கணக்கில் முடிகிற வேலை. பலர் அன்று மாலையே வீடு திரும்புகிறார்கள். இரண்டு வாரத்தில் வேலைக்கும் போகிறார்கள்.

அறிவு இருக்கிறது. கருவி இருக்கிறது. கை தேர்ந்த மருத்துவர் இருக்கிறார். அங்கே அறுவைக் கூடங்களில் நம் நாட்டிலிருந்து போன டாக்டர்களும் நர்சுகளும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இல்லாதது எது? இடம்! நாள்! கட்டில்!

2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் காத்திருப்போர் பட்டியலில் இருந்த சிகிச்சைகளின் எண்ணிக்கை 77 லட்சத்தைத் தாண்டியது. ஒரே ஆள் இரண்டு நோய்க்குக் காத்திருந்தால் இரண்டாக எண்ணுவார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 65 லட்சம் பேர். அந்த நாட்டின் மக்கள் தொகையோ ஐந்தே முக்கால் கோடி. 2025 இறுதியிலும் பட்டியல் 70 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. கண் அறுவை, மூட்டு அறுவை, குடலிறக்கம் ஆகியவற்றோடு பித்தப்பையும் அதிலே நிற்கிறது. உயிர் போகும் நோய் அல்ல, ஆகவே பொறுத்திருக்கலாம் என்று ஒதுக்கப்பட்ட நோய்கள் இவை. பொறுத்திருப்பது யார்? பட்டியல் போட்டவரா, வலியோடு படுத்தவரா?

"கொரோனா கொள்ளைநோய்தான் காரணம்" என்று சிலர் சொன்னார்கள். பொய்யென்று தள்ளிவிட முடியாது. அறுவைக் கூடங்கள் மூடிக் கிடந்த காலம் அது. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. நோயாளிகளில் 92 விழுக்காட்டினருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த இலக்கை அவர்கள் கடைசியாக எட்டியது எப்போது? 2016 பிப்ரவரியில்! கொள்ளைநோய் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு! 2020 பிப்ரவரியிலேயே பட்டியலில் ஏறத்தாழ 46 லட்சம். கொரோனா வந்தது, ஏற்கெனவே விரிந்த சுவரை இடித்தது. சுவரை விரியவிட்டது யார்?

அடுத்து, "டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதனால்தான்" என்றார்கள். தொழிலாளி மேல் பழி போடுவதற்கு ஆளும் தரப்புக்குச் சொல்லித் தரவா வேண்டும்! 2023 மார்ச்சில் ஜூனியர் டாக்டர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அறுவைகள் பல தள்ளிப் போனதும் உண்மை. ஆனால் அவர்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே பட்டியல் 70 லட்சத்தைக் கடந்துவிட்டது. நெருப்புப் பிடித்த பிறகு வந்தவனைக் கொளுத்தியவன் என்று சொல்லலாமா?

கணக்கைப் புரட்டினால் காரணம் தெரிகிறது. 1948இல் தொடங்கிய நாள் முதல் நீண்ட காலச் சராசரியாக, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு கூடுதலாக இந்தத் துறைக்குச் செலவிட்டு வந்தார்கள். 2010இல் கன்சர்வேட்டிவ் தலைமையில் வந்த ஆட்சி "சிக்கனம்" என்று கொடி பிடித்தது. கூடுதல் ஒரு விழுக்காட்டளவுக்குச் சுருங்கியது. முதியோர் தொகை பெருகுகிறது, நோய் பெருகுகிறது, பணம் பெருகவில்லை. கட்டடத்துக்கும் கருவிக்கும் ஒதுக்கிய பணத்தையே எடுத்து அன்றாடச் செலவுக்கு ஊற்றினார்கள். 2024 செப்டம்பரில் டார்சி பிரபு கொடுத்த அறிக்கை, இந்த மருத்துவத் துறை கவலைக்கிடமான நிலையில் இருக்கிறது என்று கூறியது; கட்டடம், கருவி வகையில் மட்டும் 3,700 கோடி பவுன் குறைவாகச் செலவிடப்பட்டிருக்கிறது என்றும் கணக்குக் காட்டியது. அந்த டார்சியும் அறுவை மருத்துவர்தான்! ஜெர்மனியில் ஆயிரம் பேருக்கு எத்தனை மருத்துவமனைக் கட்டில்களோ, அதில் மூன்றில் ஒரு பங்கே பிரிட்டனில்.

இதற்கு எதிர்மாறான வரலாறும் அங்கேயே இருக்கிறது. 1997இல் ஒன்றரை ஆண்டு காத்திருந்தவர்கள் உண்டு. 2000க்குப் பிறகு பணம் வந்தது, ஆள் வந்தார்கள், 2008 இறுதிக்குள் 18 வாரம் என்ற நிலை எட்டப்பட்டது. ஆகவே "பொது மருத்துவமனை என்றாலே வரிசைதான், தனியாரிடம் கொடுத்துவிடு" என்று வாதிப்பவர்களுக்கு விடையும் அந்த நாட்டின் ஏடுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த அமைப்பைக் கட்டியவன் யார் என்பதையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். வேல்ஸ் நாட்டு டிரெடிகர் ஊரில் பிறந்து, பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பெவன்! அவர் தந்தையும் சுரங்கத் தொழிலாளி. கரித்தூசி நுரையீரலை அடைத்து 1925இல் மாண்டார். நட்டஈடு ஒரு காசு கிடையாது. அந்த ஊரிலே தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பவுனுக்குச் சில பென்சு கொடுத்து, டாக்டரையும் மருந்தையும் தங்களுக்கென அமர்த்திக்கொண்ட சங்கம் இருந்தது. அதைத்தான் நாடு முழுவதற்கும் விரித்தார் பெவன். 1946இல் மசோதா வந்தபோது கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்த்து வாக்களித்தது. 1948 ஜூலை 5ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1951இல், படைச்செலவுக்குப் பணம் தேட, பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கத் தன் சொந்தக் கட்சி ஆட்சியே முனைந்தபோது, பெவன் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். ஒரு மூக்குக் கண்ணாடிக்காகவா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்று அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று?

வசதியுள்ளவன் வரிசையில் நிற்பதில்லை. பல ஆயிரம் பவுன் கட்டினால் சில வாரத்தில் தனியார் மருத்துவமனையில் கல் போய்விடும். பஸ் டிரைவருக்கு? 2025-26 நிதியாண்டில் சட்டப்படியான நோய்ப்படி வாரத்துக்கு 118 பவுன் 75 பென்சு. அதிலும் முதல் மூன்று நாட்களுக்கு ஒன்றும் கிடையாது என்பதே நீண்ட காலம் விதியாக இருந்தது. ஒரு இரவு வலிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. எனவே வலியை விழுங்கிக்கொண்டு வண்டியை எடுக்கிறார், ஐம்பது உயிர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு.

இங்கே எதிர்த்தரப்பார் ஓர் ஆராய்ச்சியை எடுத்துக் காட்டலாம். நாமே காட்டிவிடுவோம், மறைப்பானேன்? பிரிட்டனில் 20 மருத்துவமனைகளில் 434 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை. மறு பிரிவுக்கு மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, கண்காணிப்பு. 2023இல் முடிவு வெளியாயிற்று. பதினெட்டு மாதத்தில் இரு பிரிவின் வலிக்கணக்கிலும் பெரிய வேறுபாடில்லை. கண்காணிப்புப் பிரிவில் நால்வரில் ஒருவரே கத்திக்குப் போனார். சிக்கல் எழாத சிலருக்கு அறுவையில்லாமலே காலம் ஓடும் என்பது இதன் பொருள். ஏற்கிறோம். ஆனால் அறுவை என்று ஒதுக்கிய பிரிவில் அந்தப் பதினெட்டு மாதத்தில் அறுவை நடந்தது மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான்! கொள்ளைநோய் குறுக்கிட்டது, சிலர் வேண்டாம் என்றுமிருக்கலாம். ஆயினும் டாக்டர் பார்த்துத் "பொறுத்துப் பார்ப்போம்" என்பது வேறு. கூடம் இல்லாததால் "பொறுத்துக் கிட" என்பது வேறு. முதலாவது வைத்தியம். இரண்டாவது வறட்சி. பை வீங்கிக் காய்ச்சலோடு வருபவருக்கு ஒரு வாரத்துக்குள் அறுவை செய்க என்று 2014இலேயே அங்கே வழிகாட்டி விதி எழுதப்பட்டது. அதை நிறைவேற்றக் கட்டில் வேண்டாமா?

சரி, வரிசையில் நிற்பவன் நாள் வரும்வரை என்ன செய்வது? இதைச் சொல்லாமல் அரசியல் மட்டும் பேசினால் வலிக்கிறவனுக்கு என்ன பயன்?

எண்ணெயில் பொரித்தது, வெண்ணெய், பாலாடை, கொழுத்த இறைச்சி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னாமல் சிறிது சிறிதாகத் தின்ன வேண்டும். அதற்காகப் பட்டினி கிடக்கக்கூடாது. உடல் எடை மளமளவென்று இறங்கினால் புதிய கல் உண்டாகும்; கல்லுக்குப் பயந்து கல்லை வளர்த்த கதையாகிவிடும். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்டே தேர்ந்துகொள்ள வேண்டும். டைக்ளோபினாக் போன்றவை இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆகாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் கரைந்து பச்சைப் பச்சையாக வெளியே வரும் என்று விற்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அப்படி வந்த பச்சை உருண்டையைச் சோதனைச்சாலையில் பார்த்தார்கள். கல் அல்ல, குடித்த எண்ணெய் சோப்பாகித் திரண்டது! கல் பையிலேயே பத்திரமாக இருந்தது.

எந்த நாள் வலித்தது, எத்தனை மணி நேரம், என்ன தின்ற பிறகு என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தவனுடைய பேச்சுக்கு டாக்டரிடம் எடை கூடும். வலி அடிக்கடி வரத் தொடங்கினால் மீண்டும் போய்ச் சொல்ல வேண்டும். பட்டியலில் முன்னே நகர்த்த அது காரணமாகும். யாராவது வராமற்போன இடத்துக்கு உடனே வரத் தயார் என்று எழுதிக் கொடுக்கலாம். பதினெட்டு வாரம் கடந்தால் வேறு மருத்துவமனை கேட்கும் உரிமையும் அங்கே ஏட்டில் இருக்கிறது. ஐம்பது மைல் தள்ளிப் போகக் கூலியையும் காரையும் யார் கொடுப்பார் என்பதுதான் ஏட்டில் இல்லை.

காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், மலம் வெளுத்தல், மணிக்கணக்காக விடாத வலி: இவற்றில் எது வந்தாலும் வரிசையைப் பார்க்கக் கூடாது. நேரே அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டும். "போன தடவை போல இதுவும் விடிந்தால் போய்விடும்" என்று படுத்துக் கிடந்தவர்கள்தாம் கணையம் அழன்று கட்டிலோடு கிடக்கிறார்கள். அப்போது சர்க்காருக்கும் செலவு பல மடங்கு.

2025 ஜனவரியில், தொழிற்கட்சிப் பிரதமர் ஸ்டார்மர் திட்டம் ஒன்றை வெளியிட்டார். 18 வாரத்தில் 92 விழுக்காடு என்ற பழைய இலக்கை 2029 மார்ச்சுக்குள் மீட்போம் என்பது வாக்குறுதி. மாலையிலும் வார இறுதியிலும் அறுவைக் கூடங்களை ஓட்டுவோம் என்கிறார்கள். தனியார் மருத்துவமனைகளிலும் இடம் வாங்குவோம் என்கிறார்கள். வாங்கும் இடத்துக்குப் பணம் போகும். சொந்தக் கூடத்துக்குக் கட்டில் வருமா என்று தொழிற்சங்கத்தார் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். 2029 மார்ச்சு வரை அந்த டிரைவர் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. மாத்திரைப் பட்டை படுக்கைக்குப் பக்கத்திலும், ஆஸ்பத்திரித் தபால் வந்திருக்கிறதா என்ற கேள்வி வாசற்படியிலும் இருக்கும்.