கறுப்புக்குள் எத்தனை கறுப்பு

அந்தமானில் புகைப்படம் எடுப்பதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழை ஓய்ந்தாலும் கடற்காற்றில் ஈரம் ஓய்வதில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மேலிருக்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. மிச்சமிருப்பதை ஸ்கேன் செய்து புதிதாகப் பிரிண்ட் போட நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த மை என்பதை.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1879இல் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வந்த ஆங்கிலேய அதிகாரி மாரிஸ் விடல் போர்ட்மேன், 1890களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தமான் பழங்குடியினரைப் படமெடுத்தார். அவற்றில் பல பிளாட்டினம் அச்சுகள். இந்த முறையில் ஜெலட்டினே கிடையாது. உலோகத் துகள்கள் காகித நாருக்குள்ளேயே தங்கிவிடும். பூஞ்சைக்கும் பட்டினி, படமும் மங்காது. வேடிக்கை என்னவென்றால், அச்சாவதற்கு முன் அந்தக் காகிதத்துக்கு ஈரமே ஆகாது. கால்சியம் குளோரைடு போட்ட தகர டப்பாவில் அடைத்துத்தான் விற்பார்கள்.

போர்ட்மேன் கலைக்காகப் படமெடுத்தவர் அல்ல. இரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் வரைந்த திரைக்கு முன் மனிதர்களை நிறுத்தி, பண்டங்களைப் போல அளந்தார். அந்தப் பார்வையை இன்று யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகச் சுருங்கியிருந்த கிரேட் அந்தமானியர்கள் இன்று சில பத்துப் பேர்தான். அவர்களின் முன்னோர் முகங்கள் பெரும்பாலும் இந்தப் படங்களில்தான் மிச்சம். அச்சு மோசமானால் கருத்த முகம் வெறும் நிழலாகிவிடும். கண்ணும் கன்ன எலும்பும் கறுப்பில் கரைந்து போனால் மிச்சமிருப்பது அளவுகோல் மட்டுமே.

சாதாரண கலர் பிரிண்டர் செய்வது இதைத்தான். அதனிடம் இருப்பது ஒரே கறுப்பு. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்து சமாளிக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த படம் டியூப் லைட்டின் கீழ் பச்சையடிக்கும். மூன்றில் ஒரு மை முன்னதாக மங்கினாலும் தாத்தா முகத்தில் செம்மை ஏறிவிடும். டை வகை மை என்றால் இன்னும் மோசம்: ஈரக்காற்றில் மெல்லப் பரவி, கோடுகளின் கூர்மையைத் தின்றுவிடும். விலை மலிவுதான், அந்தமானுக்கு ஆகாது. காகிதத்தின் மேல் துகளாகப் படியும் பிக்மென்ட் மைதான் இங்கே சரி.

2005இல் எப்சன் நிறுவனம் மூன்று அடர்த்திகளில் கறுப்பு மை கொண்ட கே3 வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கறுப்பு, இளங்கறுப்பு, அதைவிட இளங்கறுப்பு. சாம்பல் நிறங்களை இந்த மூன்றே பார்த்துக்கொள்ளும். கலர் மைகளுக்கு ஊறுகாய் அளவு வேலைதான். அதற்கும் முன்பே அமெரிக்காவில் ஜான் கோன் என்பவர் பீஸோகிராபி என்ற பெயரில் கலர் மைகளையே எடுத்துவிட்டு, கார்பன் மைகளைப் பல அடர்த்திகளில் ஊற்றும் முறையைக் கொண்டுவந்திருந்தார். நுணுக்கத்தில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் மையைக் கப்பலிலோ விமானத்திலோ வரவழைக்க வேண்டிய தீவில், ஒரு புட்டி தீர்ந்தால் வேலை நின்றுபோகும். பளபளப்புத் தாளுக்கு ஒரு கறுப்பு, மேட் தாளுக்கு வேறு கறுப்பு என்பதையும் கவனிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கறுப்பு சாம்பலாக வெளுத்திருக்கும், மைக்குத்தான் திட்டு விழும்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் அவ்வளவு குழப்பம் இல்லை. பிரிண்டருடன் வரும் கறுப்பு வெள்ளை மோட் முக்கால்வாசிப் பேருக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் இருக்கிறது. எந்த மை எவ்வளவு விழ வேண்டும் என்பதை அது நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது. முதலில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகள் கொண்ட பட்டையை அச்சடித்துப் பார்க்க வேண்டும். கடைசி நான்கைந்து படிகள் ஒன்றாகக் குழம்பினால் முகங்களும் குழம்பும்.

போர்ட்மேன் படங்களில் இந்தச் சோதனைப் பட்டை பின்னணியிலேயே இருக்கிறது, அந்தச் சதுரங்கத் திரைதான். கறுப்புக் கட்டத்துக்கும் அதையொட்டிய கன்னத்துக்கும் நடுவே வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். தெரியவில்லை என்பதற்காக நிழல்களை இஷ்டத்துக்கு வெளுக்கச் செய்வதும் தப்பு. நிறத்தையே மாற்றிவிட்ட படம் ஆவணமாகாது. திருத்தாத ஸ்கேன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஜாரவாக்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், இருக்கும் பழைய படங்களின் மீது பொறுப்பும் அதிகம்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. தாளைப் பிரித்ததும் மிச்சத்தை சிலிகா ஜெல் பையோடு மூடி வைக்க வேண்டும். அச்சான படத்தை ஒரு நாள் காயவிடாமல் சட்டம் போட்டால் கண்ணாடியில் உள்ளே ஆவி படியும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு அவசியம். இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரிண்டருக்கு மட்டும் இந்த ஈரம் ரொம்பப் பிடிக்கும். ஏசி அறைகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும் மைத்துளைகள் இங்கே அவ்வளவாக அடைப்பதில்லை.