பெயர் எழுதாமல் இடம் பிடிக்காதேங்கோ



போன எபிசோடில் டிவைஸ் ட்ரீ பற்றிக் கதைக்கேக்க, ரிசர்வ்டு மெமரி என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு அப்படியே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். "அது என்னண்டு ஒருக்கா எழுதுங்கோ அண்ணா" என்று கேட்டிருந்தீங்கள். எழுதுறன். ஆனால் விளக்கம் மட்டும் இல்லை. இதில் எனக்கு ஒரு கருத்தும் இருக்கு. அந்தக் கருத்து வந்ததே நான் விட்ட ஒரு பிழையால்தான்.

முதலில் உங்களுக்கு நல்லாத் தெரிந்த ஒரு காட்சி. சாமத்தியவீடு. பெரிய ஹோல், 300 கதிரை. நீங்கள் போகேக்க முன் இரண்டு வரிசையும் காலியாக் கிடக்கு. கிட்டப் போனால்தான் தெரியும்: ஐந்து கதிரைக்கு ஒரு ஹாண்ட்பேக், அடுத்த நாலு கதிரைக்கு ஒரு சால்வை. "ஆக்கள் வருகினம் தம்பி" என்று ஒரு அன்ரி சொல்லுவா. ஆர் வருகினம், எத்தனை பேர், எப்ப? அது அவவுக்கும் வடிவாத் தெரியாது. கேக் வெட்டி, சாப்பாடு தொடங்கின பிறகும் அந்தக் கதிரைகள் காலி. நீங்கள் சுவரோட நிற்கிறீங்கள்.

எங்கட கையில் வந்து சேருகிற பல எம்பெடெட் போர்டுகளின் மெமரி இப்படித்தான் இருக்கு.

கேர்னலுக்கு ஆர் சொல்லுறது?

லாப்டாப்பில் லினக்ஸ் போட்டால், மெமரி எங்க இருக்கு, அதில் எதைத் தொடக்கூடாது என்று யூஇஎஃப்ஐ ஒரு பட்டியல் கொடுக்கும். சின்ன ஏஆர்எம் போர்டுகளில் பெரும்பாலும் அந்த வேலையை டிவைஸ் ட்ரீ செய்யுது. இந்த போர்டில் என்னென்ன சாமான், எந்த முகவரியில் இருக்கு என்று எழுதி வைத்த ஒரு கோப்பு, அவ்வளவுதான். யோசனை பழசு. 1994இல் ஐஇஇஇ 1275 என்று தரப்படுத்தப்பட்ட ஓப்பன் ஃபேர்ம்வேரில் இருந்து வந்தது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் மெஷின்களும் அப்பிளின் பவர்பிசி கம்ப்யூட்டர்களும் அதைப் பாவித்தன. ஏஆர்எம் பக்கத்திலோ ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாக சீ கோப்பு எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைப் பார்த்து வெளிப்படையாகவே ஏசின பிறகுதான் அந்தப் பக்கமும் வேகமாக டிவைஸ் ட்ரீக்கு மாறியது. ரிசர்வ்டு மெமரியை எழுத நாங்கள் இன்றைக்குப் பாவிக்கிற முறை 2014இல் லினக்ஸ் 3.15உடன் வந்தது.

இது ஏன் தேவை? யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், போர்டில் இருக்கிற ராம் முழுக்கத் தன்ர சொத்து என்றுதான் கேர்னல் நினைக்கும். ஆனால் அதே சிப்பில் வேற ஆக்களும் குடியிருக்கினம். வீடியோ டிகோடர், கமரா, மோட்டாரைக் கவனிக்கிற சின்ன எம்-கோர், ரகசியச் சாவிகளை வைத்திருக்கிற பாதுகாப்புப் பகுதி. இவை எல்லாத்துக்கும் அதே ராமில் ஒரு துண்டு வேணும். எல்லையை எழுதி வைக்காவிட்டால் ஒருத்தர் எழுதினதுக்கு மேல மற்றவர் எழுதுவார்.

டார்ம்ஸ்டாட் ஆக்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஹாப்ட்பான்ஹோஃபுக்கு மேற்குப் பக்கம் நடந்தால் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையம் வரும். 2019 டிசம்பரில் ஏவப்பட்ட ஓப்ஸ்-சாட் என்ற சப்பாத்துப் பெட்டி அளவான செயற்கைக்கோளை அங்கிருந்துதான் இயக்கினார்கள். வெளி ஆக்களும் தங்கட மென்பொருளை விண்வெளியில் ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் அதின்ர நோக்கம். உள்ளுக்கு லினக்ஸ் ஓடுகிற சைக்ளோன் ஃபைவ் சிப். இரண்டு ஏஆர்எம் கோரும் ஒரு எஃப்பிஜிஏயும் ஒரே சிப்பில் சேர்ந்த வகை. 2024 மே மாதம் வளிமண்டலத்தில் எரிந்து முடியும்வரை அது வேலை செய்தது. இந்த வகை சிப்பில் இரண்டு பக்கமும் ஒரே ராமைப் பங்கு போடலாம். அப்படிப் போட்டால் எல்லை எழுத்தில் இருக்க வேணும். மேசையில் இருக்கிற போர்டு தொங்கினால் பவரை இழுத்துப் போடலாம். மேல சுத்துறதை எட்டிப் பிடிக்க ஏலாது.

கதிரை பிடிக்க மூன்று வழி

ரிசர்வ்டு மெமரி நோடில் எழுதக்கூடிய முக்கியமான விஷயங்கள் கொஞ்சம்தான்.

ஒன்று, இடம். 'ரெக்' என்று எழுதினால் முகவரியும் அளவும் நீங்களே சொல்லுறீங்கள்: இந்த வரிசை, இந்த ஐந்து கதிரை. 'சைஸ்' என்று மட்டும் எழுதினால், "எங்கயாவது ஐந்து கதிரை சேர்த்துத் தாங்கோ" என்று கேர்னலிடம் கேட்கிறீங்கள். இடத்தை அது தெரிவு செய்யும்.

இரண்டு, 'நோ-மேப்'. கேர்னல் இந்தத் துண்டைத் தன்ர வழமையான முகவரி வரைபடத்திலேயே சேர்க்கக்கூடாது. தொடாமல் இருந்தால் போதாதோ என்று கேட்பீங்கள். போதாது. இன்றைய புரொசஸர்கள் தேவை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே மெமரியை வாசிக்கும். பாதுகாப்புப் பகுதியின் துண்டை அப்படி வாசித்தால் போர்டே விழுந்துவிடலாம். இது கதிரை இல்லை, மணவறைக்குப் பின்னால இருக்கிற பூட்டின அறை.

மூன்று, 'ரீயூசபிள்'. உரிய ஆள் வரும்வரை மற்றவர்கள் இருக்கலாம். வந்தால் உடன எழும்ப வேணும். கமரா எப்பவாவதுதான் ஓடும் என்றால் இது நல்ல வழி. ஆனால் இருக்கிற ஆக்களை எழுப்பி வேற இடத்துக்கு அனுப்ப நேரம் எடுக்கும், சில நேரம் எழுப்ப முடியாமலும் போகும். ஒரு மில்லிசெகண்ட் பிந்தினாலும் ஆபத்து என்ற வேலைக்கு இது சரிவராது. ஒரே துண்டுக்கு நோ-மேப்பையும் ரீயூசபிளையும் சேர்த்து எழுதக்கூடாது என்றும் விதி இருக்கு. பூட்டின அறையில் ஆக்களை இருத்த ஏலாது.

கடைசியாக, இந்தத் துண்டு யாருக்கு என்று அந்தச் சாமானின் நோடில் 'மெமரி-ரீஜன்' என்று ஒரு வரி. கதிரையில் பெயர் ஒட்டுவது அதுதான்.

நான் விட்ட பிழை

சில வருசத்துக்கு முன் ஒரு ஆறு மாதக் கொன்ட்ராக்ட். தொழிற்சாலையில் பாவிக்கிற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. 512 எம்பி ராம். இரண்டு பெரிய கோரில் லினக்ஸ், பக்கத்தில் ஒரு சின்ன எம்-கோர் சென்சர்களை வாசிக்கும். பிரச்சினை: மெமரி காணாமல் லினக்ஸ் அடிக்கடி புரோகிராம்களைக் கொல்லுது. இரண்டு மடங்கு ராமோட புது போர்டு செய்வம் என்று கூட்டத்தில் கதை தொடங்கிவிட்டது.

டிவைஸ் ட்ரீயைத் திறந்தேன். சிப் விற்றவர்களின் மாதிரி போர்டில் இருந்து அப்படியே கொப்பி பேஸ்ட். வீடியோ டிகோடருக்கு 128 எம்பி பிடித்து வைத்திருக்கு. எங்கட பெட்டியில் திரையே இல்லை! அதை எடுத்தேன். மெமரியில் கால்வாசி ஒரு வரியில் திரும்பி வந்தது. எல்லாரும் கை கொடுத்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நிமிர்ந்த நெஞ்சோட மிச்சத்தையும் பார்த்தேன். கீழே 1 எம்பியில் ஒரு துண்டு. பெயர் 'ரிசர்வ்டு-1'. கொமென்ட் இல்லை. மெமரி-ரீஜன் வழியாக அதைச் சுட்டுகிற நோட் ஒன்றுமே இல்லை. எழுதினவர் கம்பெனியை விட்டுப் போய் இரண்டு வருசம். இதுவும் ஹாண்ட்பேக் வைத்த கதிரைதான் என்று முடிவு கட்டினேன். எடுத்தேன். டெஸ்ட் எல்லாம் பச்சை.

ஒன்பதாம் நாள் ஒரு பெட்டியில் கோப்பு ஒன்று பழுதானது. பிறகு இன்னொரு பெட்டியில் சம்பந்தமே இல்லாத புரோகிராம் விழுந்தது. ஒவ்வொரு முறையும் வேற இடம், வேற பிழை. ஃப்ளாஷ் மெமரி பழுது என்று ஒருவர் சொன்னார், பவர் சப்ளை என்று இன்னொருவர். மூன்று கிழமை.

நடந்தது இதுதான். எம்-கோரின் ஃபேர்ம்வேரை லினக்ஸ் ஏற்றவில்லை, அதற்கு முதலே பூட்லோடர் ஏற்றிவிட்டது. அதனால்தான் லினக்ஸ் பக்கத்தில் அந்தத் துண்டைச் சுட்டுகிற ஒரு வரியும் இருக்கவில்லை. எம்-கோர் சென்சர் அளவுகளை அந்த 1 எம்பியில்தான் எழுதிக்கொண்டிருந்தது. நான் எடுத்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தது. அதுக்கு ஆர் சொல்லுறது? மேசையில் மெமரி காலியாக இருந்தபடியால் ஒன்றும் தெரியவில்லை. நாள் போகப் போக லினக்ஸின் கோப்புக் கேஷ் வளர்ந்து அந்த இடத்துக்கு வந்ததும், வெப்பநிலை அளவுகள் ஆரோ ஒருவரின் கோப்புக்குள் விழத் தொடங்கின.

பிழை என்னுடையது. தெரியாததை எடுத்தது நான். ஆனால் அந்தத் துண்டுக்கு 'எம்-கோர் சென்சர் பஃபர்' என்று மட்டும் பெயர் இருந்திருந்தால் நான் கை வைத்திருக்கவே மாட்டேன்.

என்ர கருத்து

டிவைஸ் ட்ரீயை நாங்கள் செட்டிங்ஸ் கோப்பு மாதிரி நடத்துறம். போர்டு எழும்பினால் சரி, பிறகு திறந்தும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் அது ஒரு காணி உறுதி. இந்தத் துண்டு ஆருக்கு, ஏன், எவ்வளவுக்கு என்று அதில் தெரிய வேணும். தெரியாவிட்டால் இரண்டு விதமான நட்டம். பயத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள், 128 எம்பி சும்மா கிடக்கும். இல்லாட்டி என்னைப் போல ஒருவன் வந்து துணிந்து எடுப்பான்.

"கேர்னல் பிடிக்காதோ?" என்று கேட்கலாம். எழுதின இரண்டு துண்டுகள் ஒன்றின் மேல ஒன்று ஏறினால் பூட் ஆகும்போது கேர்னல் எச்சரிக்கை போடும். எழுதாததை அது எப்படிப் பிடிக்கும்? அடுத்த பக்கத்து ஃபேர்ம்வேரின் மனதில் இருக்கிற முகவரி லினக்ஸுக்குத் தெரியாது.

"கொமென்ட் போட்டால் போதும்தானே?" பாதி சரி. ஆனால் டிவைஸ் ட்ரீயைக் கம்பைல் செய்தால் கொமென்ட் எல்லாம் போய்விடும். ஓடுகிற பெட்டியில் மிஞ்சுவது நோடின் பெயர்தான். அந்தப் பெயர் என்ன வேலைக்கு என்பதைக் காட்ட வேணும் என்று கேர்னல் ஆவணமே சொல்லுது. 'ரிசர்வ்டு-1' என்பது பெயர் இல்லை, பெயர் வைக்கப் பஞ்சிப்பட்டது.

"நேரம் இல்லை" என்பதுதான் உண்மையான மறுப்பு. விளங்குது. கொன்ட்ராக்டில் வாறவனுக்குத் தெரியும், ஆறு மாதத்தில் போர்டு எழும்ப வேணும். ஆனால் நாங்கள் போகிற ஆக்கள். அடுத்த வருசம் இந்தக் கதிரை ஆருக்கு என்று கேட்க நாங்கள் அங்க இருக்கமாட்டம். அதனால் எங்களுக்குத்தான் இந்தக் கடமை கூட.

நான் இப்ப செய்யிறது இவ்வளவுதான். மாதிரி போர்டில் இருந்து வந்த ஒவ்வொரு துண்டையும் ஆருக்கு என்று கேட்டு, பதில் வந்தால் மட்டும் வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் எடுப்பதற்கு முதல் பூட்லோடரையும் மற்றக் கோர்களின் ஃபேர்ம்வேரையும் திறந்து முகவரியைத் தேடுறேன். மற்றப் பக்கம் முகவரியைக் கல்லில் எழுதியிருந்தால் மட்டும் 'ரெக்'. இல்லாவிட்டால் 'சைஸ்' கொடுத்து இடத்தைக் கேர்னலிடம் விடுறேன். அளவு ஏன் அவ்வளவு என்று கமிட் செய்தியில் இரண்டு வரி. பத்து நிமிச வேலை. எனக்கு அது இல்லாமல் மூன்று கிழமை போனது.

வீட்டில் ராஸ்பெரி பை இருந்தால் இந்தச் சனி ஞாயிறு ஒரு வேலை செய்து பாருங்கோ. புரொக் என்ற அடைவுக்குள் டிவைஸ்-ட்ரீ, அதுக்குள் ரிசர்வ்டு-மெமரி என்று ஒன்று இருக்கும். உள்ளுக்குப் போய் ஒவ்வொரு பெயராகப் பாருங்கோ. எது ஆருக்கு என்று உங்களால் சொல்ல முடியுதோ? முடியாதவற்றை எனக்கு அனுப்புங்கோ, அடுத்த எபிசோடில் சேர்ந்து தேடுவம்.

எடுக்க மட்டும் வேண்டாம். முதலில் அன்ரியிடம் கேளுங்கோ.