பெரிய டிரம்மின் எழுதிய தோல்

பேண்டு வாத்தியக் குழுவின் பெரிய டிரம், அதாவது மேலை இசையில் பேஸ் டிரம் எனப்படும் தாழ்ந்த ஒலியுடைய தோற்கருவி, குழுவின் பெயர்ப்பலகையாகவும் விளங்கி வந்துள்ளது. நடந்தபடி வாசிப்பவர் அதை மார்பில் மாட்டி இருபுறமும் அடிப்பதால், தோல்கள் இரண்டும் சாலையின் இரு மருங்கை நோக்கி அமைகின்றன. வாசலில் நிற்போர் படிக்கும்படி குழுவின் பெயரையும் ஊரையும் அவற்றில் எழுதும் வழக்கம் இந்த அமைப்புக்குப் பொருந்தி வந்தது. படைப்பிரிவுகளும் தத்தம் சின்னங்களை டிரம்மின்மேல் தீட்டின. சென்னைப் புறநகரான ஐயப்பன்தாங்கல் வழியே செல்லும் சாலை, சென்னைப் பீரங்கிப்படை தங்கியிருந்த பரங்கிமலையையும் பூந்தமல்லிப் படைமுகாமையும் இணைப்பதாகும். ஆகவே இக்கருவியின் வரலாற்றை இப்பகுதியினர் தொலைவில் தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1920களில் லட்விக், லீடி ஆகிய நிறுவனங்கள் ஏரியும் மலையும் தீட்டிய தோல்களை விற்றன. கன்றுத்தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும் என்பதால் டிரம்முக்குள் மின்விளக்கு வைத்துச் சூடேற்றினர். அவ்வொளி தோலை ஊடுருவி ஓவியத்தையும் மிளிரச் செய்தது. ஈரத்துக்கு அசையாத மைலார் என்னும் பாலியெஸ்டர் படலம் 1957 வாக்கில் தோலின் இடத்தைப் பிடித்தபின், விளக்குக்கான தேவை மறைந்தது. பீட்டில்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டு சார்ஜென்ட் பெப்பர் இசைத்தட்டின் உறையில் காணும் டிரம் முகப்பு, 2008இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது.

தமிழ்நாட்டிலோ தோல் கிழிந்ததும் அது குப்பைக்குப் போகிறது. பெயர் எழுதிய ஓவியரின் கைத்திறமும் அத்துடன் அழிகிறது. மரக்கூட்டையும் பித்தளைத் திருகுகளையும் தேடி வாங்குவோர், கிழிந்த தோலையும் கேட்டுப் பெறவேண்டும். உண்மையில் எந்தக் குழு, எந்த ஊர் என்று சொல்வது அதுவே. மங்கிய எழுத்தின்மேல் புதிய இனாமல் பூசுவது பெருங்கேடு, ஏனெனில் பழைய தூரிகையின் போக்கு அதன்பின் மீளாது. ஈரத்துணியால் துடைப்பதும் தவறு. தோலை முற்றிலும் தளர்த்தி வைத்தால் அது சுருங்கி வளையத்துடன் கோணிவிடும், முறுக்கி வைத்தால் கோடையில் காய்ந்து வெடிக்கும். ஆதலால் மிதமான இழுவிசையில், வெயிலும் மழைக்காற்றும் படாத அறையில், சுவரைத் தொடாமல் நிறுத்திவைப்பதே முறை.