ரோபோ அறுவைக்கு முன் கணக்கைக் கேளுங்கள்



புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் நம் ஆட்கள் இரண்டு விதமாக முடிவெடுக்கிறார்கள். ஒரு சாரார், "கத்தி வெச்சா அப்புறம் மனுசனா நடமாட முடியாது" என்று ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. இன்னொரு சாரார், "ரோபோ ஆப்பரேஷன்தான் வேணும், நகைய அடகு வெச்சாவது செஞ்சிடுவோம்" என்கிறார்கள். இரண்டுமே ஆழம் தெரியாமல் காலை விடுகிற காரியம்.

அறுவை எப்படி முடியும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். இது ஜோசியம் அல்ல. முன்பு அறுவை செய்துகொண்டவர்களின் விவரங்களைத் திரட்டிப் போட்ட கணக்கு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்ட்டினும் அவருடைய சகாக்களும் 1993-இல் இப்படி ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். இரத்தத்தில் உள்ள பி.எஸ்.ஏ. அளவு, சதைத்துண்டைச் சோதித்துக் கொடுக்கும் கிளீசன் மதிப்பெண், ஆசனவாய் வழியே விரலால் தொட்டு அறியும் கட்டியின் நிலை ஆகிய மூன்றும் தெரிந்தால், நோய் சுரப்பியைத் தாண்டியிருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று அது சொல்லும்.

பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழ், கிளீசன் 6, கட்டியும் சிறியது என்றால் ஆபத்து குறைவு. "இப்போதைக்கு அறுவை வேண்டாம், கண்காணிப்போம்" என்றுகூட டாக்டர் சொல்லலாம். பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், அல்லது கிளீசன் 8-க்குக் குறையாமல் இருந்தால் ஆபத்து அதிகம். அறுவைக்குப் பின்னும் கதிர் சிகிச்சை தேவைப்படலாம்.

வெட்கப்பட்டு நாம் கேட்காமல் விடுவது வேறு இரண்டு. சிறுநீர் அடங்குமா? தாம்பத்தியம் பழையபடி இருக்குமா? இதற்கும் கணக்கு உண்டு. வயது, உடல் பருமன், நீரிழிவு, இப்போதுள்ள ஆண்மை நிலை, நரம்பைக் காப்பாற்ற முடியுமா என்பது எல்லாம் இதில் சேரும். எம்.ஆர்.ஐ. படத்தில் சுரப்பிக்குக் கீழே உள்ள சிறுநீர்க் குழாய் நீளமாகத் தெரிந்தால், சிறுநீர் சீக்கிரம் கட்டுக்குள் வர வாய்ப்பு அதிகம்.

ரோபோ தானாக வெட்டுவதில்லை. டாக்டர் உட்கார்ந்து இயக்குகிறார். அவர் கைப்பழக்கமே முக்கியம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ரோபோ அறுவையில் இரத்த இழப்பு குறைவு. ஆனால் 12 வாரத்தில் சிறுநீர், ஆண்மை விஷயத்தில் ரோபோவுக்கும் வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ரோபோ என்ற பெயருக்காக மட்டும் கடன்பட வேண்டாம். நம் நாட்டில் 2004-லேயே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரோபோ அறுவை தொடங்கிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் விசாரியுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: "என் பி.எஸ்.ஏ. எவ்வளவு? கிளீசன் எவ்வளவு? நோய் வெளியே போயிருக்குமா? என்னைப் போன்றவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஒரு வருஷத்தில் சிறுநீர் அடங்கியது? நீங்கள் இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறீர்கள்?" மனைவியையும் கூட அழைத்துப் போங்கள். புகையை நிறுத்துங்கள். அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கு நூற்றுக்கு நூறு பலிக்காது. ஆனாலும் சம்பளச் சீட்டில் ஒரு வெள்ளி குறைந்தால் கிராணியைக் கேட்கிறோமே! உடம்புக் கணக்கைக் கேட்க என்ன தயக்கம்? கேட்பது உங்கள் உரிமை.